ஹாம் சந்தியில் வண்டி பிந்தியபோது

நாற்பது நிமிஷம் பிந்துமாம்.
பிந்தட்டும்,
எங்களுக்கு ஆட்டம் இன்னும் முடியவில்லை.

எலிஃபின் ஐந்தாவது ஃபவுல்
ஃபவுலே இல்லை என்கிறார் ஞானசீலன்.
பேக்கரித் தாளில் பேனையால் கீறிக் காட்டுகிறார்:
இது எலிஃப்,
இது பீலஃபெல்டின் அந்த நெடுவல்,
நடுவில் ஒரு சாண்.
"சாணா? மயிரிழை போகாது"
என்கிறாள் நெஸ்ரின்.
பெற்றவளே அப்படிச் சொன்னால்
நாங்கள் என்ன செய்ய?

ஐம்பத்தொன்றுக்கு ஐம்பது.
கடைசிப் பந்து வளையத்தின் விளிம்பில்
இரண்டு தரம் சுற்றி,
வெளியே ஒருக்கால் எட்டிப் பார்த்து,
மனம் மாறி
உள்ளே விழுந்தது.
மாநில இறுதிக்கு வந்துவிட்டோம்.
ஆனாலும் அந்த ஃபவுல்.
வென்றவர்களுக்கும் ஏதாவது வேண்டாமா
வாயில் போட்டு மெல்ல?

புதிதாய் வந்த ஒரு தகப்பன், ஹென்னிங்,
குளிருக்குக் கையை ஊதியபடி கேட்டான்:
"உங்கள் மகள் எத்தனையாம் இலக்கம்?"
பேனை நின்றது.
"பன்னிரண்டு" என்றார் ஞானசீலன்.
பிறகு,
"போன ஒக்டோபர் வரைக்கும்.
இப்போது டிரம்பெட் ஊதுகிறாள்.
அவள் விட்டுவிட்டாள்.
எனக்குத்தான்…"
தாளைத் திருப்பி,
ஞாயிறு இறுதியாட்டத்தில்
யார் யாரை மறிப்பது என்று
வரையத் தொடங்கினார்.
ஹென்னிங் வெளிச்சம் மறைக்காமல்
கொஞ்சம் தள்ளி நின்றான்.

பொரித்த கிழங்கு வாசனையோடு
படியேறி வந்தார்கள் பெண்கள்,
பதினொரு பேர், ஒரே இரைச்சல்.
"அந்த ஐந்தாவது ஃபவுல்…" என்று தொடங்கினோம்.
விரல் உப்பை நக்கிக்கொண்டு
எலிஃப் கேட்டாள்:
"எது?"