எந்த கவுன்சிலிங்

எம்.எஸ்ஸி உளவியலை
எண்ணூரிலிருந்து சென்ட்ரல் போகும் ரயிலில் படித்தேன்.
கொருக்குப்பேட்டைக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவில்
சிக்னலுக்காக நிற்கும் பதினைந்து நிமிடம்தான்
எனக்குப் பல்கலைக்கழகம்.
தபாலில் வந்த புத்தகத்தின் மூன்றாம் அலகில்
யாரோ ஒருத்தியின் மீன்கூடை ஈரம் இன்னும் காயவில்லை.
'செவிமடுத்தல்' என்ற சொல்லின் மேல்
ஒரு சங்கராச் செதில்.

என்ன படிக்கிறாய் என்று கேட்டார்கள்.
கவுன்சிலிங் என்றேன்.
மாமாவுக்குச் சந்தோஷம்.
"அண்ணா யுனிவர்சிட்டிலதானே?
நம்ம ஹேமநாதனுக்கு கட்-ஆஃப் நூத்தி அறுவத்தி ரெண்டு,
ஈ.சி.ஈ கெடைக்குமா பாரு."
ஆறு வருடமாக இதைத்தான்
திருத்திக்கொண்டிருக்கிறேன்.

தண்டையார்பேட்டையில் இன்டர்வியூ.
கரெஸ்பாண்டன்ட் என் சான்றிதழ்களை
பிடிக்காத வீட்டுக் கல்யாணப் பத்திரிகை போலப் புரட்டினார்.
"டைப்பிங் வருமா?
டீச்சர் லீவு போட்டா க்ளாஸ் பாத்துப்பீங்களா?
இன்ஸ்பெக்‌ஷன் வருது, அதுக்குத்தான் ஒரு ஆளு."
மாதம் பதினோராயிரம். பத்து மாதம் மட்டும்.
மே மாதத்தில் பிள்ளைகளுக்கு மனசு கிடையாது என்று
சம்பளக் கணக்கில் முடிவு செய்திருந்தார்கள்.

வருகைப் பதிவேட்டில் எனக்கென்று வரி இல்லை.
ஆசிரியர்கள் முடிந்து, கோடு போட்டு,
ஆயா தேவகுஞ்சரி அம்மாவுக்குக் கீழே
வாட்ச்மேனுக்கு மேலே
என் பெயரைப் பென்சிலால் எழுதினார்கள்.
பேனாவுக்கு ஆடிட்டர் சம்மதிக்க வேண்டுமாம்.

அறை என்பது விளையாட்டுச் சாமான் போடும் அறை.
காற்றுப் போன வாலிபால்கள்,
காய் இல்லாத கேரம் போர்டு,
கழுத்து உடைந்த டேபிள் ஃபேன் ஒன்று.
தானாகத் திரும்பாது, கையால் திருப்ப வேண்டும்.
'வழிகாட்டல், ஆலோசனை' என்று கதவில் ஒட்டினேன்.
மறுநாள் கீழே யாரோ சேர்த்திருந்தார்கள்:
லூசுங்க மட்டும்.

முதலில் வந்தவன் டில்லிகுமார், ஒன்பது பி.
வியாழக்கிழமை ஐந்தாம் பீரியட், கணக்கு.
அங்கே ஃபேன் இல்லை, இங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
மௌனத்தைக் கலைக்காதே என்கிறது புத்தகம்.
நான் கலைக்கவில்லை.
அவன் வாலிபாலுக்குக் காற்றடித்தான்.
மூன்று வியாழனில் ஏழு பந்து.

நான்காம் வியாழன்:
"ராத்திரி ரெண்டு மணிக்கே காசிமேடு போயிடுவேன் மிஸ்.
போட்டுக்கு ஐஸ் ஏத்தணும்.
க்ளாஸ்ல தூங்குறேன்னு சார் அடிக்கிறாரு."

படிவத்தில் 'தொழில் ஆர்வம்' என்று ஒரு கட்டம்.
நிரப்பித் தர வேண்டும், இன்ஸ்பெக்‌ஷன்.
"பெரியவனானா என்ன ஆகணும்?"
"தெர்ல மிஸ்."
பந்தை உருட்டினான்.
"நீங்க எப்டி இந்த வேலைக்கு வந்தீங்கோ? எவ்ளோ படிக்கணும்?"

கேள்வி கேட்க உட்கார்ந்தவளிடம்
ஒருவன் கேள்வி கேட்டுவிட்டான். உற்சாகமாகச் சொன்னேன்:
பன்னிரண்டு முடிக்கணும், அப்புறம் மூணு வருஷம்,
அப்புறம் ரெண்டு,
அப்புறம் பயிற்சி, அதில் சம்பளம் இல்லை,
நாம்தான் ஃபீஸ் கட்டணும்.
"அப்பால எவ்ளோ தருவாங்கோ?"
பொய் சொல்லக் கூடாது, நான்காம் அலகு.
பதினொண்ணு என்றேன்.

விரலை மடக்கக்கூட இல்லை அவன்.
"நாளுக்கு முன்னூத்தி அறுவத்தாறு.
ஐஸுக்கே நானூறு மிஸ்."
இவனா கணக்கில் பெயில்?

கணக்கு சாரிடம் பேசினேன்.
அடிப்பதை விட்டார், என்னோடு பேசுவதையும் விட்டார்.
கரெஸ்பாண்டன்டிடம் இரவு வேலையைப் பற்றிச் சொன்னேன்.
"உங்க வேலைய மட்டும் பாருங்க" என்றார்.
என் வேலை எது என்று கேட்டிருக்கலாம்.
வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது.

ஏப்ரல் முப்பது. சாவியைக் கொடுக்கும் நாள்.
பரீட்சை முடிந்தும் டில்லி வந்திருந்தான்,
கையெல்லாம் ஐஸ் கீறிய தழும்பு.
"அடுத்த வருஷம் இருப்பீங்களா மிஸ்?"
ஜன்னலுக்கு வெளியே
ஹார்பர் கேட் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள்,
டிரைவர்கள் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தார்கள்.
"தெர்ல" என்றேன்.
அவன் சிரித்துவிட்டான்.

போகும்போது ஃபேனின் கழுத்தைப் பிடித்து
என் பக்கம் திருப்பிவைத்தான்.