என் பெயர் இல்லாத அட்டவணை

இரவு பத்து மணி, கவென்ட்ரி.
மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு
பதினேழு கதவுகளைத் தட்டுகிறேன்.
ஏழாம் அறை மாடலினுக்கு
நெஞ்சுக்கு ஒன்று, இரத்தத்துக்கு ஒன்று.
அவள் விழுங்கினால் மட்டும் போதாது,
ஒளித்து வைப்பதில் கெட்டிக்காரி.
"நாக்கைத் தூக்குங்கோ."
தூக்குவாள்.
நேரம் எழுதிக் கையொப்பமிடுவேன்.
ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடந்தாலும்
காலையில் மனேஜருக்குப் பதில் சொல்லவேண்டும்.

விடிந்தால் வீடு.
வெங்காயம் வெட்டும் கத்தியால்
என் குளிசையை இரண்டாக வெட்டுவேன்.
ஒரு மாத மருந்து இரண்டு மாதம் ஓடும்.
மூன்று பெட்டிக்கு ஏறக்குறைய முப்பது பவுண்ஸ்;
அகரனின் பஸ் காசு அது,
இல்லாவிட்டால் குளிரில் சில நாள் ஹீட்டர்.
பலகையில் மிஞ்சும் வெள்ளைத் தூளை
விரலால் ஒற்றி நக்குவேன்.
காசு கொடுத்து வாங்கிய கசப்பல்லவா.

கால்விரலில் எறும்பு ஊர்ந்தது.
சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தேன், எறும்பில்லை.
மூன்று மாதச் சீனி எழுபத்தொன்பது என்றார்கள்.
"ஒழுங்காகப் போடுகிறீர்களா?" டொக்டர் கேட்டார்.
ஒருநாளும் விட்டதில்லை என்றேன்.
பொய்யில்லை அது.
அளவைக் கூட்டி எழுதினார்.
அதையும் வெட்டினேன்.

ஃபோல்ஸ்ஹில் வீதி மருந்துக்கடையில்
நிகத் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள்.
இருபத்தெட்டு நாள் மருந்து,
ஐம்பது, அறுபது நாளுக்கு ஒருதரம் வாங்கிய திகதிகள்.
"வெட்டுகிறீங்களா?"
குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.
பின்னால் வரிசை நின்றது.

"இது மெல்ல மெல்லக் கரையவேண்டிய குளிசை.
உடைத்தால் எல்லாம் ஒரேயடியாய் அவிழும்."
வேலை நடுவில் கழிவறைக்கு ஓடிய இரவுகளில்
நான் பழங்கறியைத் திட்டியிருக்கிறேன்.
"அதுசரி, நீங்கள் ஏன் காசு கட்டுறீங்கள்?"

இங்கிலாந்தில் சீனி வியாதிக்குக் குளிசை போடுகிறவர்
மருந்துக்குக் காசு கட்டத் தேவையில்லையாம்.
ஒரு படிவம், டொக்டரின் ஒரு கையெழுத்து,
ஐந்து வருடத்துக்கு ஒரு சான்றிதழ்.
"முடிகிற திகதியைக் குறித்து வையுங்கோ,
தவறினால் தண்டம் வரும்."
நாலு வருடம் கட்டிய காசு?
வாங்கும்போதே தனி ரசீது கேட்டிருக்கவேண்டுமாம்.
பஸ்ஸில் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன்,
இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டேன்.

இறங்குமுன் அவள் சொன்ன இன்னொன்று நினைவுக்கு வந்தது:
"முழுசாய்த் தொடங்கமுதல் டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கோ.
நீங்கள் முழுசாய்ப் போடுகிறீங்கள் என்று நம்பித்தான்
அவர் அளவைக் கூட்டினவர்."
போனில் பதினொரு பேருக்குப் பின்னால் காத்திருந்தேன்.
பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.
சொன்னேன்.
அவர் கோபிக்கவில்லை, அதுதான் வெட்கமாயிருந்தது.
அளவைக் குறைத்தார்.

இன்று காலை இரண்டு தோசைக்குப் பிறகு
முழுக் குளிசை ஒன்று.
தொண்டைக்கு அது பெரிதாய்ப் பட்டது.
குளியலறைக் கண்ணாடி முன் நின்று
நாக்கைத் தூக்கிப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.

கையொப்பமிட அட்டவணைதான் இல்லை.
மின்சாரக் கடிதத்தின் பின்புறத்தில் எழுதினேன்:
எட்டுப் பத்து. ஞானரதி.