அழுக்கின் விலை

லியெபாயா சந்தை, சனிக்கிழமை.
புகைமீன் கடைக்கும் காலுறைக் குவியலுக்கும் நடுவே
ஒரு மடக்கு மேசை, அதன் பின்னால் குந்தர்ஸ்.
பேருந்து ஓட்டுகிறவர். இன்று விடுப்பு.

நீலத் துணியில் ஒற்றை வெள்ளி.
ஐந்து லாத்து, முப்பத்தொன்றாம் வருஷத்தது.
தோளில் பின்னல் வழியப் பக்கவாட்டில் பார்க்கும் பெண்.
மீன்கடை விளக்கில் அவள் கன்னம்
துலக்கிய பாத்திரம்போல் மின்னியது.
அங்கேயே தெரிந்துவிட்டது எனக்கு.

பல்செட் செய்வது என் பிழைப்பு.
வாரத்தில் ஐந்து நாள் மெருகுச் சக்கரத்தின்முன் உட்கார்ந்து
ஊரார் வாய்க்குப் பளபளப்பு ஏற்றுகிறவன்.
ஆறாம் நாளும் பளபளப்பைக் கண்டால்
நாக்கு கசக்கும்.

உருப்பெருக்கியை எடுத்தேன்.
கோடுகள், மயிரிழைக் கோடுகள்.
பிள்ளைகள் சறுக்கிவிட்டுப் போன பனித்தரை.
சாய்த்துப் பார்த்தால் மேலே சுழன்று ஓடவேண்டிய ஒளி
நின்ற இடத்தில் நின்றது.

"நாற்பது யூரோ. நேற்று ராத்திரி இரண்டு மணி நேரம் தேய்த்தேன்.
பற்பசை, சமையல் சோடா, கடைசியில் கம்பளிக் காலுறை."
பரீட்சையில் தேறிய முகம் அவருக்கு.

பதினைந்து, என்றேன்.
"ஏன்?"
தொண்ணூறு வருஷத்தைத் துடைத்துவிட்டீர்களே.
"அது அழுக்கு."
ஆமாம், அழுக்கு.
"அழுக்குக்கா காசு கொடுப்பீர்கள்?"
ஆமாம்.

சிரித்தார். சந்தைக்கே கேட்கச் சிரித்தார்.
"ரொக்கத்துக்கு நம் பாஷையில் தெளிந்த பணம் என்று பேர்.
இவர் கலங்கினது கேட்கிறார், மிர்ட்ஸா!"
விலாங்கு நறுக்கிக்கொண்டிருந்த மிர்ட்ஸா
நிமிராமலே சொன்னாள்:
"அப்போ என் ஏப்ரனுக்கு விலை கேள்."

வெள்ளி கறுப்பது அழுக்கல்ல, அது காற்றோடு பேசிப் பேசி...
என்று ஆரம்பித்தேன்.
அந்தப் புகைமீன் வாசனையில்
வாக்கியம் நிற்கவில்லை. விட்டுவிட்டேன்.

அவர் சட்டைப்பைக்குள் கைவிட்டார்.
பயணச்சீட்டில் சுற்றிய இன்னொன்று.
"இதைத் தேய்ப்பதற்குள் பற்பசை தீர்ந்துபோச்சு."

அதே பெண், அதே பின்னல்.
விளிம்பில் கத்தரிப்பூ நிறம், உள்ளே வரவர
தேநீர்க் கறை, நடுவில் கொஞ்சம் மழைமேகம்.
லேசாக அசைத்தேன். மேகத்துக்கு அடியில்
ஒளி ஒரு சுற்று ஓடி வந்தது.
முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, எவ்வளவு, என்றேன்.

"அறுபது. நாற்பது காசுக்கு,
இருபது அழுக்குக்கு."

பேரம் பேசவில்லை. பேச வாயில்லை.

யாராவது கேட்டால் இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன்:
துடைத்ததை வாங்காதே. வேறெங்கும் கிடைக்காத காசென்றால்
பாதி விலைக்கு வாங்கு, வாங்கிவிட்டுப் பெருமை பேசாதே.
இது எங்கும் கிடைக்கிற காசு.
இருந்தும் இன்னொரு பத்து யூரோ நீட்டி
அந்தத் துலக்கியதையும் எடுத்துக்கொண்டேன்.
ஏனென்று மிர்ட்ஸா கேட்டாள். ரசீது எழுதச் சொன்னேன்
என்பதுபோல் அவளைப் பார்த்தேன்.

வீட்டில் விளக்கடியில் இரண்டும்.
கறுத்தவள் யார் யார் கையில் இருந்தாளோ,
ஒருவர் பெயரும் சொல்லமாட்டாள்.
வெளுத்தவள் கன்னத்தில் கோடுகள் எல்லாம்
இடப்பக்கமாகவே வளைகின்றன.
தன் தொலைபேசி எண்ணை எழுதித் தந்தபோது
குந்தர்ஸ் பேனாவை இடக்கையில் பிடித்திருந்தார்.

வீட்டில் இன்னும் மூன்று இருக்கிறதாம்.
பற்பசை வாங்குமுன் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.
இன்று செவ்வாய்.
கூப்பிடவில்லை.