ஆறாம் பதிவில் இருப்பவர்

இரவுப் பணி முடிந்து ஜீப்னியில் வருகிறேன்.
ஒரு காதில் ஹாரோ சாலையின் ஹாரன்,
மறு காதில் இங்கிலாந்தில் எங்கோ ஒரு மருத்துவமனை.
"பேச்சு ஒருமுறைதான் ஒலிக்கும்" என்கிறாள் பதிவுக்காரி.
ஒருமுறைதான் என்று
நாற்பதாவது முறையாகச் சொல்கிறாள்.

ஃபிஃப்டீன், ஃபிஃப்டி.
இரண்டுக்கும் நடுவே முப்பத்தைந்து மில்லிகிராம்.
அந்தப் பள்ளத்தில் ஓர் ஆள் விழுந்து சாகலாம்.
வார்டில் என்றால்
"மறுபடி சொல்லுங்கள் டாக்டர்" என்பேன்.
முறைப்பார். சொல்லிவிடுவார்.
இங்கே கேட்க மட்டும்தான் முடியும்,
கேட்க முடியாது.

போன வருடம் தேறி லீட்ஸுக்குப் போன அனலீசா
குரல்செய்தி அனுப்புகிறாள், சிரிப்பும் குளிருமாக.
ஒரு நோயாளி அம்மாள் "ஐம் பூர்லி" என்றாளாம்.
பாவம், ஏழை போலிருக்கிறது என்று
உதவித்தொகைப் படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடினாளாம் இவள்.
அந்த அம்மாளுக்குக் காய்ச்சல், நூற்றிரண்டு.
"பதிவில் பேசுகிற மாதிரி
இங்கே ஒருத்தரும் பேசுவதில்லை, ஜெனா.
பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறார்கள்."

எனக்கு வாய்த்தது ஆறாம் பதிவு.
மிஸ்டர் ஹால்டேன். கிடங்கில் வேலை. முதுகுவலி.
எந்த நாளிலிருந்து, எந்த மாத்திரை,
குனிந்தால் அதிகமா நிமிர்ந்தால் அதிகமா:
பன்னிரண்டு கோடிட்ட இடங்கள்.

மூன்றாம் முறை கேட்கையில்தான்
'செவ்வாய்க்கிழமை'க்கு முன்னால் அது கிடைத்தது.
கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குமே,
அந்த அளவு ஒரு சீழ்க்கை.
நாலாம் முறை
நீள வாக்கியங்களை அவர் இரண்டாக உடைப்பது தெரிந்தது,
மாடிப்படியில் நடுவே நின்று
சுவரைப் பிடித்துக்கொள்கிற ஆள் மாதிரி.

எங்கள் ஊரில் இதற்கு ஹாப்போ என்று பெயர்.
சொல்லும்போதே வாய் காற்றைத் தேடும்.

பன்னிரண்டு வருடம் நெஞ்சுநோய் வார்டு.
என்னையறியாமல் விரல்கள் போய்
தலையணையின் மணிக்கட்டைத் தேடின.
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்:
நிமிடத்துக்கு இருபத்தாறு.
அதற்குள் மூன்று கேள்விகள் ஓடிப்போயிருந்தன.

மாத்திரை பெயர் கேட்ட ஏழாம் இடத்தில்
எழுதி வைத்தேன்:
இவருடைய நுரையீரலை யாராவது பார்த்தார்களா?

பயிற்சி வகுப்பு மிஸஸ் டோலொர்ஃபினோ
சிவப்பு மையில் அடித்தாள்.
"அவர் நடிகர், ஜெனலின்.
முதுகுவலிக்குத்தான் அவருக்குச் சம்பளம்."
"நடிகருக்கும் நுரையீரல் உண்டு, மேடம்."
வகுப்பே சிரித்தது.
எனக்கு மூன்று மதிப்பெண் போனது.
பதிவின் அடியில் வருடம் போட்டிருந்தது,
ஒன்பது வருடம் பழையது.
அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

கண்ணாடி அறை, ஒலிவாங்கி,
ஒரு கோப்பை தேநீர்.
எதிரில் யாரோ ஒருத்தி
"நன்றாக வந்திருக்கிறது" என்று சொல்லியிருப்பாள்.
அவர் கோட்டை மாட்டிக்கொண்டு
படியிறங்கியிருப்பார். எத்தனை படி?

சனிக்கிழமை செபுவில் தேர்வு.
இராக் கப்பலின் கீழ்த்தளம், மேல்படுக்கை, எண் எழுபத்தொன்று.
முடிவு செய்துவிட்டேன்:
கிழமை, அளவு, மருந்தின் பெயர். அவ்வளவுதான்.
இடையில் யாராவது இருமினால்
மன்னிக்கட்டும்.
அங்கே போய்ச் சேர்ந்த பிறகு
வட்டியோடு கேட்டுக்கொள்கிறேன்.

இயந்திரம் உறுமுகிறது. விளக்கணைத்துவிட்டார்கள்.
திரைக்கு அந்தப் பக்கம் எவரோ உறங்குகிறார்,
முகம் தெரியாது, மொழி தெரியாது.
கைக்கடிகாரத்தின் பச்சை முள்ளைப் பார்த்துக்கொண்டே
எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.

பதினாறு.
நல்லது.
தூங்கட்டும்.