எர்த்து

அழகியமண்டபம் ஜங்ஷனில்
பஸ்ஸுக்கும் டெம்போவுக்கும் ஒயரிங் பார்க்கிறவன் நான்.
டைனமோ, செல்ஃப், ஹாரன்.
கார் என்றால் குதிரை, காற்று என்றெல்லாம்
சொல்ல வராது எனக்கு.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் போடும்
புகைக்கூடத்துக்குப் பின்னால் கிடந்தது
அறுபத்தஞ்சாம் வருசத்து ஸ்பிட்ஃபயர்.
கதவு இரண்டு. கூரை கிடையாது.
சீட்டுக்குள் கீரிப்பிள்ளை குடித்தனம்.
குவைத்திலிருந்து வந்த நர்ஸ் ஜெஸ்பின்
தங்கச்சி கல்யாணத்துக்குப் பிறகு மிஞ்சிய காசில்
அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தாள்.

"ஓடுனா போதுமா?" என்றேன்.
"ஓடுகதுக்கு ஆட்டோ இருக்குல்லா.
இது பாயணும். சொன்ன இடத்துல நிக்கவும் செய்யணும்."

கோயம்புத்தூரில் பிரித்துப் போட்ட ஜிப்ஸியின் எஞ்சின்,
பதினாறு வால்வு,
அதோடு ஒட்டிப் பிறந்த ஐந்து கியர்.
ஷாஃப்ட்டை மார்த்தாண்டம் லேத்தில்
இரண்டு முறை வெட்டினோம்,
முதல் முறை அளந்தது நான்.
நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்.
முன்பக்கம் முழுக்க வாய் பிளக்கிற பானெட் மட்டும்
சல்லடை.
குறும்பனையில் ஃபைபர் வள்ளம் செய்கிற ததேயு
அதன் மேலேயே அச்சு எடுத்தார்.
பிசின் காயும்வரை சுற்றிச் சுற்றி வந்தார்.
"அணியம் இன்னும் கொஞ்சம் கூராட்டு இருக்கலாம்" என்றார்.
"ஆனா தண்ணி ஏறாது, கேட்டியா."

பாட்டரி வைக்கப் போகும்போதுதான் கண்டேன்,
இந்த வண்டிக்குப் பாசிட்டிவ்தான் எர்த்து.
முப்பது வருசம் நெகட்டிவையே தகரத்தில் முறுக்கிய கை
ஸ்பேனரோடு அந்தரத்தில் நின்றது.
ஜிப்ஸியின் கம்ப்யூட்டர் பெட்டிக்கோ
இது சரிப்படாது, ஒரு நொடியில் புகைந்துவிடும்.
ஒரே தகரம் எப்படி
இரண்டு பேருக்கும் மண்ணாகும்?
அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் அடைத்தேன்.

மறுநாள்
துணி சுற்றிய பழைய ஒயர் அத்தனையும் உருவினேன்.
மீன்முள் மாதிரி வந்தது, முழு நீளத்துக்கு.
புதிது இழுத்து, எர்த்தை மாற்றிக் கட்டி,
சாவி திருகினால்
எலி தொண்டையில் சிக்கின மாதிரி இருமிற்று.
ஜெஸ்பின் மடியில் லேப்டாப்.
நைட் டூட்டிகளில் படித்தாளாம் இந்தக் கணக்கை.
ட்ரிப் சொட்டு எண்ணுகிற கண்ணால்
பெட்ரோலைக் கூட்டினாள், குறைத்தாள்,
ஒரு புள்ளி, அரைப் புள்ளி.
பட்டறைக் கூரையில் இருந்த புறாக்கள்
எழுந்து போகிறவரைக்கும்.

ஆரல்வாய்மொழி, ஆடி மாசம், விடிகிற நேரம்.
காற்றாலைகள் சுற்றுகிற இடத்தில்
காற்று எங்களையும் ஒரு முழம் தள்ளிப் பார்த்தது.
அவள் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் காற்றுக்கு எதிராகவே பிடித்தாள்.
எண்பது. நூறு.
நூற்றி இருபதில் பிரேக்கை மிதித்தாள்.
வண்டி நின்றது.
என் பக்கத்துக் கதவு நிற்கவில்லை.
அது திறந்து முன்னால் போய்
கண்ணாடியை இடித்துத் திரும்பி வந்தது.
"சவம்" என்றேன்.
அவள் சிரித்த சிரிப்பில் எஞ்சின் ஆஃப் ஆகிவிட்டது.

ததேயு பானெட் கட்டி அனுப்பிய வலைக்கயிற்றால்
கதவைக் கட்டிக்கொண்டு திரும்பினோம்.
தோவாளை தாண்டும்போது
டாஷ்போர்டைப் பார்த்தவனுக்குப் பகீரென்றது.
ஆம்மீட்டர் முள் இடப்பக்கம்,
சார்ஜ் இறங்குகிறது, இறங்குகிறது என்று.
இறங்கவில்லை. நிறைந்துகொண்டுதான் இருந்தது.
எர்த்தை மாற்றியவன்
அந்த ஒரு மீட்டரின் இரண்டு ஒயரை மட்டும்
மாற்ற மறந்திருக்கிறேன்.

"நாளைக்கு அஞ்சு நிமிசத்துல மாத்தித் தாறேன்."

"வேண்டாம், கெடக்கட்டு" என்றாள்,
கியரை ஒன்று இறக்கி.
"பதினொரு வருசம் மாசாமாசம் அனுப்பினேன்.
எங்க வீட்டுக் கணக்கும்
இப்படித்தான் காட்டிச்சு."