பத்துக்கு எத்தனை

பர்கூர் ஜவுளிக்கடை வரிசையில்
இரண்டு ஷட்டருக்கு நடுவே விட்டுப்போன சந்தில்
என் மேசை.
புது மாடல் ஒன்று ஊருக்குள் வந்தால்
அதன் முதல் பிணத்தை விலைக்கு வாங்கிவிடுவேன்.
இது டேமில் செல்ஃபி எடுக்கப் போய் விழுந்தது.
நானூறு ரூபாய்.

ஆள் வந்து நிற்பதற்குள்
திறந்து பார்த்துவிட வேண்டும்:
நான் வைத்தியம் பார்க்கலாமா,
"பெங்களூருக்குக் கொண்டுபோங்க" என்று
கை விரிக்க வேண்டுமா.
கோடு போட்ட நோட்டில் பத்துக்கு மார்க்.

எண்பது டிகிரி சூடு காட்டினேன்.
வெந்த கிழங்குத் தோல்போல்
முதுகுக் கண்ணாடி கழன்றுவரும் என்று நினைத்தேன்.
கீழ் மூலையில் முடியளவு கீறல்.
அரை மார்க் போச்சு.

பதினேழு திருகு. மூன்று நீளம், இரண்டு தலை.
குட்டையின் குழியில் நெட்டையை முடுக்கினால்
அடியில் செம்புத் தடம் அறுந்துபோகும்.
காந்தப் பாயில், இருந்த திசையிலேயே பரப்பினேன்.
ஃபேனை நிறுத்தினேன்.

சார்ஜ் வாய் தனிப் பலகையில்.
கௌரவமான வேலை.
எங்கள் பக்கம் போன்கள் சாவது
பெரும்பாலும் வாயால்தான்.

திரைக்குத் தனி வழி வைக்கவில்லை.
குடலெல்லாம் எடுத்து வெளியே வைத்தபிறகே
முகத்தைத் தொட முடியும்.
மாங்கூழ் ஆலை ருக்மாங்கதன்
மாதம் ஒரு திரை உடைக்கிறவன்.
அவனிடம் சொல்ல வேண்டும், இதை வாங்காதே என்று.

பிறகு பேட்டரி.
கறுப்பு நாக்கைப் பிடித்து இழுத்தால்
பசை நாடா ரப்பராய் நீண்டு வரவேண்டும்.
பாதியில் அறுந்தது.
இன்னொரு பக்கமும்.
ஸ்பிரிட் விட்டேன். நூல் விட்டு அறுத்தேன்.
நெம்பக் கூடாது. நெம்பினால் புகை, புகைக்குப் பின் தீ.
நாற்பது நிமிடம்.
"எவடி இதை இப்படி ஒட்டித் தொலைச்சவ!"
நைட்டிக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்த நவநீதக்கா
எட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் சிரிப்பு வந்தது.

ஓசூர் பக்கம் ஒரு கம்பெனி. பதினான்கு மாதம்.
நாலரை மணி பஸ், நீலத் தொப்பி.
முப்பத்தொன்றாம் ஸ்டேஷன்: பேட்டரிக்குப் பசை நாடா.
இருபத்திரண்டு நொடிக்கு ஒன்று.
இந்த மாடல் இல்லை, இதன் அண்ணன்.
உருளையை வைத்து இடமிருந்து வலம் ஒரே அழுத்து.
குமிழ் தெரிந்தால் மணி அடிப்பார்கள்.
எனக்கு அடித்ததில்லை.
அதற்கு ஒரு சான்றிதழும் எவர்சில்வர் டப்பாவும்.
முப்பதில் என்ன செய்கிறார்கள், தெரியாது.
முப்பத்திரண்டில் ஒரு பாலக்கோட்டுப் பெண்,
பிடரி மச்சம் மட்டும் தெரியும்.
முழுப் போனை
பஸ் நிலைய விளம்பரத்தில்தான் பார்த்தோம்.

இதை ஒருநாள் ஒருத்தி பிரிப்பாள் என்று
பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.
அப்படி ஒரு ஸ்டேஷனே இல்லை.

மூடிப் பார்க்காமல் மார்க் போடுவதில்லை.
செத்த பேட்டரிக்குப் புது நாடா ஒட்டினேன்.
கை அதுவாகவே
இருபத்திரண்டு நொடிக்குள் முடித்துவிட்டது.
நாடாவின் வாலை மட்டும் நகத்தளவு மடித்து
வெளியே நீட்டி விட்டேன்,
பிடித்து இழுக்க.
லைனில் இது ரிஜெக்ட்.

திருகு பதினாறு.
மேசைக்கு அடியில் தவழ்ந்தேன்.
நூல்பிசிறு, ஒரு ஹூக், யாருடைய சிம்மோ.
போனைக் காதருகே ஆட்டினால்
கிலுக்.
உள்ளேதான்.
ஸ்பீக்கர் காந்தம் இழுத்து வைத்துக்கொண்டு
விட்டுவிட்டிருக்கிறது.

மறுபடி திறந்தேன். இந்தமுறை மூன்று நிமிடம்.

சார்ஜ் வாய், நன்று.
திரை, மோசம்.
பேட்டரி, ஒட்டினவள் கெட்டிக்காரி. மைனஸ் இரண்டு.
மொத்தம் நாலரை.

"தேறுமாடி?" நவநீதக்கா.
"இது தேறாதுக்கா.
இவன் தம்பிங்க வந்தா தேத்திடலாம்."