கோட்டின் நிறம்

எஸ்டோனியாவில் ஹாப்சலு ரயில் மேடை,
ஐம்பத்தெட்டாம் வருடத்து மார்ச்.
முன்னால் பனி, பின்னால் பனி,
நடுவில் கோட்டு போட்ட அம்மா.

பச்சை, என்கிறாள் லெய்டா.
பாசி பிடித்த படகின் பச்சை.
அதன் பைக்குள் கைவிட்டுத்தான்
முதல் மிட்டாயைத் திருடினேன்.

சிவப்பு, என்கிறாள் ஹில்யா.
மூடுபனியில் நான் தொலைந்த அன்று
அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் ஓடிவந்தேன்.
நீ அப்போது பிறக்கவே இல்லை.

ஒன்பது வருடம்
இதற்காக மட்டுமே பேசாதிருந்தார்கள்
என்று சொல்ல மாட்டேன்.
நிலத் தகராறும் இருந்தது.

படமோ எவர் பக்கமும் சாயாமல்
சாம்பலில் நின்றது.
சிவப்பும் பச்சையும்
அந்த பிலிமுக்கு ஒரே எடை.

போன மாதம் லெய்டாவின் மகன் ரைவோ
கணினியில் வண்ணமேற்றிக் கொண்டுவந்தான்:
கன்னத்தில் ரோஜா,
தண்டவாளத்தில் துரு,
கோட்டு நீலம்.

லெய்டா தொலைபேசியை எடுத்தாள்.
"நீலமாம்."
மறுமுனையில் ஹில்யா
வெகுநேரம் சிரித்தாள்.

இப்போது மேசைமேல் பழைய படம்,
இரண்டு கோப்பை காப்பி.
கோட்டின் ஓரத்தை நகத்தால் தடவி
"பச்சைதான்" என்கிறாள் லெய்டா.

"சிவப்பு.
சர்க்கரையை இப்படி நகர்த்து."